மூன்று அறையும் ஒரு பின்வாசலும்

வயலெலி ஒன்று வரப்பில் வளை தோண்டத் தொடங்கியது. "படுக்க ஒரு அறை, பிரசவத்துக்கு ஒரு அறை, நெல்லுக்கு ஒரு அறை, பாம்பு வந்தால் ஓட ஒரு பின்வாசல்" என்று வாலால் மண்ணில் கோடு போட்டுக் காட்டியது. நிறைமாத மனைவிக்கு வாயெல்லாம் பல்.

கதிர் முற்றியது. நெல் அறை சீக்கிரமே நிரம்பிவிட்டது. "ரெண்டு நாளைக்கு மட்டும்" என்று படுக்கையறையில் கதிர்களை அடுக்கியது எலி. அப்புறம் பின்வாசலிலும் அடுக்கியது. "பாம்பு வந்தா எடுத்துக்கலாம்."

ஒரு காலையில் மனைவிக்கு வலி கண்டது. பிரசவ அறையில் வாலை நீட்டக்கூட இடமில்லை.

"ஏங்க, இதுலயுமா?"

"நாளைக்கு எடுத்துடறேன், புள்ள."

"குட்டி நாளைக்கு வரைக்கும் நிக்காதுங்க!"

பக்கத்து வளை நண்டு, கொடுக்கை மடக்கி வழிவிட்டது. அதற்கு இருந்ததே ஒரு அறைதான். அங்கே ஆறு குட்டிகள் சுகமாகப் பிறந்தன.

எலிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆறையும் முகர்ந்து பார்த்தது. பிறகு மெல்லச் சுற்றுமுற்றும் பார்த்தது.

"நண்டண்ணே, அந்த மூலை சும்மாதானே கிடக்கு?"

அது கேட்டு முடிப்பதற்குள், மனைவி ஆறு குட்டிகளையும் இழுத்துக்கொண்டு அந்த மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது.