மை வட்டம்

ஒரு பரிசோதனைக்கூடத்தில் சின்னதும் பெரியதுமாக இரண்டு மைக்ராஸ்கோப்புகள் அக்கம்பக்கத்தில் குடியிருந்தன. ஒருநாள் சின்னதிடம் ஒரு கண்ணாடி ஸ்லைடு வந்து சேர்ந்தது. மீன்கூடை சுமக்கிற வைரக்கண்ணு அம்மாவின் குதிகால் மச்சத்திலிருந்து சீவியெடுத்த துணுக்கு அதில் ஒட்டியிருந்தது.

சின்னது உற்று உற்றுப் பார்த்தது. ஒரு நேரம் வெறும் மச்சம் போலத் தெரிந்தது. மறுநேரம் புற்றுநோயோ என்று பகீரென்றது. பாவம், நல்லதாகவே இருக்கட்டும் என்று அதற்கு ஆசை. நல்லதாகத் தெரிந்த இடத்தைச் சுற்றி மையால் வட்டம் போட்டுப் பெரியதிடம் நீட்டியது.

"அண்ணே, இது சும்மா மச்சம்தானே?"

பெரியது வட்டத்துக்குள் பார்த்தது. "ஆமாப்பா, சும்மா மச்சம்தான்."

சின்னதுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போது ஸ்லைடு முனகியது: "அண்ணன் பார்த்தது உன் வட்டத்தை. என்னை எங்கே பார்த்தார்?"

சின்னதுக்குச் சுருக்கென்றது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் வட்டத்தைத் துடைத்தது.

"அண்ணே, இன்னொரு தடவை பாருங்க. இந்தத் தடவை நான் வாயே திறக்கமாட்டேன்."

பெரியது ஒரு ஓரத்திலிருந்து மெல்ல நகர்ந்துகொண்டே போய், ஓரிடத்தில் நின்றுவிட்டது. "கஷ்டமான கேஸுப்பா. இங்க வா, சேர்ந்து பார்ப்போம்."

சின்னது பார்த்தது. நோய் இருந்தது. ஆரம்பம்தான்; இப்போதே வெட்டியெடுத்தால் வைரக்கண்ணு அம்மா பழையபடி கூடையோடு நடப்பார்.

நோய் இருந்த இடத்தைச் சின்னது இன்னொரு தடவை பார்த்தது. சற்று முன்பு தான் போட்ட வட்டத்தின் மைக்கோடு ஓடி மறைத்திருந்தது அதே இடத்தைத்தான்.