ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள்

கார் பந்தய அணியின் அலுவலகத்தில் மேலாளர் என் மகளின் விண்ணப்பத்தைப் புரட்டுகிறார். மெக்கானிக் வேலை. அவளுக்குப் பதினெட்டு நிரம்பாததால் கையெழுத்துப் போட நானும் வந்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு கார் அலறிக்கொண்டு வளைவில் திரும்ப, மேசைக் கண்ணாடி அதிர்கிறது. ‘பள்ளியின் பெயர்’ என்ற கட்டத்தில் ‘வீடு’ என்று எழுதியிருக்கிறாள். அவர் உதட்டைப் பிதுக்குகிறார். பள்ளிக்குப் போகாமல், பந்தயத் தடத்தில் பயிற்சி ஓட்டங்களுக்கு நடுவே, டயர் அடுக்கின்மேல் நோட்டை வைத்து அவள் கணக்குப் போட்ட ஏழு வருடமும் அந்த ஒரு பிதுக்கலில் காணாமல் போகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “நினைச்சப்ப படிச்ச பொண்ணு. இங்க நொடிக்கு நொடி கணக்கும்மா. நேரத்துக்கு வர்ற பழக்கமெல்லாம் இருக்குமா?” கேள்வி என்னிடம், அவள் அங்கே இல்லாதது போல. நான் வாய் திறப்பதற்குள், அவள் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைக் கழற்றி, கிரீஸ் ஏறிய விரலால் அவர் பக்கம் நகர்த்துகிறாள். “ஒம்பது மணிக்கு வரச் சொன்னீங்க சார். ஒம்பதுக்கு அமுக்கினேன். நீங்க வந்ததும் நிறுத்தினேன். பழக்கதோஷம்.” அதில் ஒரு மணி நேரம் நாற்பத்தோரு நிமிடம் அசையாமல் நிற்கிறது.