நான்தான்

பிரஷைக் கையில் இறுக்கிக்கொண்டு மிளகு என்ற குதிரையின் இடது பக்கம் நின்றிருந்தாள்.

வலது பக்கமும் தேய்க்க வேண்டும். அதற்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். சுற்றிவிட்டால் ஏறலாம்.

இன்று குதிரையேற்ற முகாமின் கடைசி நாள்.

நேற்றும் சுற்றினாள், சத்தமே இல்லாமல். மிளகு திடுக்கிட்டு உதைத்தது. வாளி பறந்துபோய் வேலியில் விழுந்தது.

"பேய்கூட கொலுசு போட்டுட்டு வரும்டி. நீ என்ன இப்படி நடக்கற?" என்றாள் உடன் பயிலும் மஞ்சரி. எல்லோரும் சிரித்தார்கள்.

பயிற்சி தரும் ரெஜினா அக்கா சிரிக்கவில்லை. "நேர் பின்னாடி நிக்கறது அதுக்குத் தெரியாது கண்ணு. குரல் குடுத்துட்டுத்தான் போகோணும்."

குரல்.

வீட்டில் அப்பாவின் கோபம் சத்தத்தைத் தேடித்தான் வரும். எந்தக் கதவு கிறீச்சிடும் என்று அவளுக்குத் தெரியும். டம்ளரை வைக்கும்போது சுண்டுவிரலை அடியில் கொடுத்து வைப்பாள். அதில் அவள் கெட்டிக்காரி.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் நேற்று உதை வாங்கித் தரப் பார்த்தது.

நெஞ்சு அடித்துக்கொண்டது. பயம் என்று நினைத்தாள்.

இல்லை. ராட்டினம் உச்சியில் நிற்கும்போது வருமே, அது.

என்ன சொல்வது? மற்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு சுற்றினார்கள். மஞ்சரி ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்தாள், அதுவும் தப்பாக.

மிளகின் முதுகில் கையை வைத்தாள். சூடாக இருந்தது.

"நான்தான்."

ஒரு காது பின்னால் திரும்பியது.

அவளுக்காக.

கை முதுகிலிருந்து இடுப்புக்கு நகர்ந்தது. "நான்தான்." இன்னும் கொஞ்சம் சத்தமாக. வால் அவள் தோளில் உரசியது. குதிரை அசையவில்லை.

"நான்தான் மிளகு! நான்தான்! நான்தான்!"

மறுபக்கம் வந்துவிட்டாள். மஞ்சரி விரலை மடக்கி விசிலடித்தாள்.

பிறகு சேணம். பிறகு உயரம். மைதானத்துக் காற்று முழுவதும் அவள் முகத்தில்.

சாயங்காலம் வீட்டு வாசலில் அப்பாவின் ஷூ கிடந்தது.

செருப்பைக் கழற்றினாள். வழக்கம்போலக் கையில் எடுத்தாள்.

உள்ளங்கையில் இன்னும் குதிரை வாசம்.

செருப்பைத் தரையில் போட்டாள். இரண்டையும், சத்தம் வரும்படி.

உள்ளே டிவி நின்றது.

"யாரது?"

கதவின் மேல் கையை வைத்தாள். ராட்டினம் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.