பத்தாவது ரவுண்டு

கணபதியில் பிரகாசத்தின் லேத் பட்டறை வேலையைக் குறை சொல்ல கோயமுத்தூரில் ஆள் கிடையாது. அதில் மனுஷனுக்குத் தலைக்கனம்கூடக் கொஞ்சம் உண்டு. என்ன பிரயோஜனம்? மெக்கானிக்கல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கும் மகள் கிளாடிஸுக்கு இரண்டு மார்க்கில் இன்ஜினியரிங் சீட்டு போய்விட்டது. ஒரு வாரமாக வீட்டில் சமையல் நடக்கிறதே தவிர, யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த நேரம் பார்த்து, ரேஸ் கார் இன்ஜினுக்கு வாட்டர் பம்ப் வாங்க மில் அதிபர் கோவிந்தராஜுலு வந்தார்.

ஐம்பது வயதுக்கு மேல் கார் பந்தயத்தில் இறங்கிய தைரியசாலி. போன மாதம், முதல் பந்தயத்திலேயே எல்லாரையும் முந்திக்கொண்டு போனார். ஆறாவது ரவுண்டில் இன்ஜின் கொதித்து நின்றுவிட்டது. வேறு ஆளாயிருந்தால் அழுதிருப்பான். இவர் சிரித்த முகமாக இறங்கி வந்தாராம். அவருடைய மெக்கானிக்குகள் விடுவார்களா? வரும் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு நல்ல பம்ப் மாட்டியே ஆகணும் என்று தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பிரகாசம் மேஜைமேல் மூன்று பம்பை வைத்தார்.

"இது கம்பெனி பம்ப்புங்க. ரோட்டுல ஓட்டப் போதும். ரெண்டாவது, தண்ணியத் தள்ளுற இம்பெல்லர் பெருசுங்க. ஆனா ரேஸ் வேகத்துல சுத்துனா தண்ணி போகாது, நுரைதான் போகும். மூணாவது நான் செஞ்சதுங்க. பெல்ட் ஓடற புல்லியைப் பெருசாக்கி, பம்ப் சுத்தற வேகத்தைக் கொறைச்சிருக்கேன். எத்தனை ரவுண்டு ஓட்டுனாலும் கொதிக்காதுங்க."

"ஏனுங்க, இதுல எது மொதல்ல மக்கர் பண்ணும்?"

"ரெண்டாவதுங்க."

"பாக்க அதுதானுங்க எடுப்பா இருக்குது" என்று கோவிந்தராஜுலு கையை நீட்டினார். மெக்கானிக்குகள் பதறிப்போய் மூன்றாவதைச் சொல்லிவிட்டார்கள். ஷாப்ட் மட்டும் புதிதாகப் போட்டு வெள்ளிக்கிழமை தருவதாகப் பேச்சு.

மறுநாள் ஒரு சீப்பு பூவம்பழத்தோடு சென்னியப்பன் என்று ஒருவர் வந்தார். பிரகாசம் அதுவரை பார்த்திராத ஆள். பிரகாசத்தின் மனைவி ஜெயக்கொடி காபி கொடுத்தாள். மழை, சிறுவாணித் தண்ணீர், உடம்பு சவுக்கியம் என்று அரைமணி நேரம் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. கோவிந்தராஜுலு வண்டி பத்தாவது ரவுண்டைத் தாண்டக் கூடாதுங்க. ஆளுக்கு ஒரு கீறல் விழக் கூடாது, அது ரொம்ப முக்கியமுங்க. தண்ணி சுத்தாம வண்டி நின்னாப் போதும். எங்க மொதலாளி ஒரு வார்த்தை சொன்னா உங்க பாப்பாவுக்கு மெக்கானிக்கல் சீட்டுங்க."

"உங்க மொதலாளி யாருங்க?"

"பேரெல்லாம் எதுக்குங்க? பெரிய எடம்."

பேர் வேறு சொல்லணுமாக்கும்! போன தடவை கோவிந்தராஜுலு நின்றுபோனதால் கப்பை வாங்கிய சீனிவாசலுதான், வேறு யார்? இரண்டு மில் வைத்திருப்பவனுக்கு ஒரு கப்புக்கு இத்தனை ஆசையா என்று பிரகாசத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உள்ளே கிளாடிஸ் அழுது வீங்கிய முகத்தோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "சரிங்க" என்றுவிட்டார்.

சென்னியப்பன் மார்க் ஷீட் ஜெராக்ஸை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "போயிட்டு வாரேனுங்க" என்று கும்பிட்டுப் போனார்.

கெடுப்பது சுலபம். ஷாப்டில் இம்பெல்லரை இறுக்கமாக ஏற்றாமல் லூசாக விட்டால் போதும். சூடேறினதும் ஷாப்ட் மட்டும் சுற்றும், இம்பெல்லர் சும்மா நிற்கும். ஆனால் எவ்வளவு லூசு? எட்டிலும் போகக் கூடாது, பன்னிரண்டிலும் போகக் கூடாது. பேசின பேச்சு பத்து! மனுஷன் மூன்று ஷாப்ட் கடைந்து, சரியில்லை என்று தூக்கிப் போட்டார். கெட்ட வேலையானாலும் சுத்தமாக இருக்க வேண்டாமா?

நாலாவது கச்சிதமாக வந்தது. இம்பெல்லரைச் செருகி ஆட்டிப் பார்த்தார். லொடலொடவென்று ஆடியது. பிரகாசம் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

"எம்பட பட்டறையில இருந்து இப்படி ஒண்ணு வெளிய போறதா? என்னால ஆகாது ஜெயக்கொடி."

"ஏனுங்க, புள்ளை சீட்டு?"

"ஆண்டவர் பாத்துக்குவாரு" என்றார். ஐந்தாவதாக ஒரு ஷாப்ட் கடைந்து, இம்பெல்லரை அழுத்தி ஏற்றி, போதாததற்குக் குறுக்கே ஒரு பின்னும் அடித்தார். இனி கார் உடைந்தாலும் பம்ப் உடையாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மெக்கானிக் போன் பண்ணினான். இருபது ரவுண்டும் ஓடி கோவிந்தராஜுலு ஜெயித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் கோவிந்தராஜுலுவே கப்போடு பட்டறைக்கு வந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. கப்பை லேத்மேல் வைத்தார்.

பிரகாசத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"ஐயா, உங்க பம்பைக் கெடுக்கச் சொல்லி சென்னியப்பன்னு ஒரு ஆளு வந்தானுங்க. புள்ளைக்கு சீட்டு தாரேன்னான். நானும் சரின்னுதான் சொன்னேன். கடைசியில மனசு வரலீங்க. பின்னு அடிச்சே குடுத்துப்போட்டேன்."

கோவிந்தராஜுலு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கிளப்புல நானும் ரேஸ் ஓட்டுவேன்னு வீராப்பா வாய உட்டுப்போட்டு மாட்டிக்கிட்டேனுங்க பிரகாசம். வேண்டாம்னா ஊரு சிரிக்கும், ஓட்டுனா உசுரு போகுது. பயத்துல காலு வெறைச்சு ஆக்சிலேட்டர்லயே நின்னுபோச்சுங்க. அதுலதான் ஜெயிச்சதே!"

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னார்:

"நம்ம தோப்பு மேனேஜர் சென்னியப்பன் வந்து பேசி முடிச்சுட்டேன்னானுங்க. பாப்பா சீட்டுக்குக் கடுதாசிகூட எழுதி வெச்சுட்டு, பத்தாவது ரவுண்டுல நின்னுபோகும்ங்கற ஒரே தைரியத்துலதானுங்க நான் அந்த வண்டியிலயே ஏறுனேன்!"