சாய்வெட்டு

என் கணவரின் முதல் மனைவி செத்து மூன்று வருடமாகிறது. அவள் வைத்த ரோஜாச் செடி மட்டும் சாகவில்லை. அது பூக்கும்போதெல்லாம் அவர், "அவ கைராசி அப்படி" என்பார். எனக்கு வயிறு எரியும்.

ஞாயிற்றுக்கிழமை, கவாத்து செய்கிறேன் என்று சொல்லிச் செடியை முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்தேன். கிளைகளைக் கன்னாபின்னாவென்று நறுக்கினேன். கத்தரியைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒவ்வொரு கிளையும் இன்னும் ஓர் அங்குலம் குறைந்திருந்தது. கணுவுக்குச் சற்று மேலே, பிசிறில்லாத சாய்வெட்டு. எல்லாமே இடக்கைக்காரர் வெட்டியதுபோல் சாய்ந்திருந்தன. எங்கள் வீட்டில் இப்போது இடக்கைக்காரர் யாரும் இல்லை.

அவர் குனிந்து பார்த்தார். "பரவாயில்லையே, கத்துக்கிட்டியே! அப்படியே அவ வெட்டு."

"நான்தான் வெட்டினேன். வேற யாரு வருவா?" என்றேன். அந்தப் பாராட்டையும் அவளுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

இன்று காலை தலைவாரும்போது என் பின்னல் ஓர் அங்குலம் குறைந்திருந்தது. நுனி அதே பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"முடி வெட்டிக்கிட்டியா?" என்றார் அவர். "நல்லாத்தான் இருக்கு. வெட்டினாத்தானே துளிர்க்கும்."