போக, வர

“ஒருவழி டிக்கெட் கிடையாதுங்க. போக வர ரெண்டும் சேர்த்துத்தான்.”

படகுத்துறை கவுண்டருக்குள் இருந்த பெண் கண்டிப்பாகச் சொன்னாள்.

ஜன்னலுக்கு வெளியே நின்றவருக்கு நாற்பது வயது இருக்கும். கையில் பை எதுவும் இல்லை.

“கோயில் தீவுக்குப் போய்ச் சேர்ந்தா போதும்மா.”

“தனியா வர்றவங்களுக்கு ஒருவழி கொடுக்கிறதில்லை.”

வரிசையில் அடுத்து நின்ற பெரியவருக்குப் பொறுக்கவில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு தரிசனத்துக்கு வந்திருந்தார்.

“இதென்னம்மா அநியாயம்? இப்பத்தானே ஒரு குடும்பத்துக்கு ஆறு ஒருவழி கிழிச்சுக் கொடுத்தே? இவருக்கு மட்டும் எந்தச் சட்டம்?”

“என் கவுண்டர் சட்டம் சார்.”

“கமிஷன் ஏதும் உண்டோ?”

“ஆமா சார். மாடி வீடு கட்டிக்கிட்டிருக்கேன்.”

மனைவி அவரை இடித்தாள். “விடுங்களேன். ரிட்டயர் ஆகியும் அடுத்தவங்க டிக்கெட்டைப் பார்க்காம இருக்க முடியலையா?”

அந்த ஆள் வாதாடவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு நகரப் போனார்.

“ஒரு நிமிஷம்,” என்றாள் அவள். “நாலரைக்குக் கடைசிப் படகு. மத்தியானத்துக்கு மேல அந்தக் கரை கவுண்டர்லயும் நான்தான். நீங்க வராம படகை எடுக்க விட மாட்டேன்.”

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மாலை நாலரைக்குத் தீவுத் துறையில் படகு நிறைந்துவிட்டது. ஓர் இடம் மட்டும் காலி. அவள் கரையில் நின்று கோயில் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலே முக்கால்.

“அக்கா, தண்ணி வத்துது. இன்னும் கொஞ்ச நேரம் போனா படகு தரை தட்டும்,” என்றார் படகோட்டி.

“அஞ்சு நிமிஷம் அண்ணே.”

“யாருக்கு இந்த உபசாரம்? மாப்பிள்ளை வர்றாரா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். படகே சிரித்தது.

பெரியவர் எழுந்தே விட்டார். “முப்பது வருஷ சர்வீஸ்ல, வராத ஒரு ஆளுக்காக நாங்க வண்டியை நிறுத்தினதே இல்லை. காலையில டிக்கெட்டை அவர் தலையில கட்டினே. இப்போ எங்களையெல்லாம் கட்டிப் போட்டிருக்கே. கரை சேர்ந்ததும் எழுதித்தான் கொடுக்கப் போறேன்.”

“எழுதிக் கொடுங்க சார். பேனா வேணுமா?”

ஐந்தும் ஆனது. படகோட்டி கயிற்றில் கை வைத்தார். அவள் அந்தக் கயிற்றின் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

அப்போதுதான் அவர் வந்தார். தெருப் பக்கமிருந்து அல்ல, தீவின் முனையிலிருந்து மணல் வழியாக. சட்டை மார்பு வரை நனைந்திருந்தது. காலில் செருப்பு இல்லை.

எழுந்து நின்ற பெரியவர் உட்கார்ந்தார்.

“படகு போயிருக்கும்னு நினைச்சேன்,” என்றார் அவளிடம். “திரும்பிப் பார்த்தா இன்னும் கட்டிக் கிடக்கு. இத்தனை பேரும் எனக்காக உட்கார்ந்திருக்காங்கன்னு...”

“ஏறுங்க. இடம் இருக்கு,” என்றாள்.

பெரியவரின் மனைவி தன் சால்வையை எடுத்து நனைந்து வந்தவரின் தோளில் போட்டாள். படகு கிளம்பியது.

பாதிக் கடலில் பெரியவர் அவளருகே வந்து உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

“அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சியாம்மா?”

“இல்லை சார். எனக்கு முகம் பார்த்துச் சொல்லத் தெரியாது. அதனாலதான் தனியா வர்ற எல்லாருக்கும் இந்தச் சட்டம்.”

“எப்போலேர்ந்து?”

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நாலு வருஷமா. ஒரு பொண்ணு வந்து ஒருவழி கேட்டா. எதுவும் கேட்காம கொடுத்துட்டேன்.”