நான்கு வீட்டு வாசல்

“ஒருத்தின்னாலே பெரிய விஷயம், டெஸ். நீ நாலு பேரை வச்சிருக்கே,” என்றாள் மெர்ல். கட்டிலின் மேல் பெட்டி பாதி நிரம்பியிருந்தது. மகள் வீட்டுக்குப் போக மூன்று மணிக்கு ரயில்.

அவள் கணவர் டெஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். குனிந்து, ஷூ முடிச்சை வெகு நேரமாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியாவின் லித்கோ நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருஷம் உழைத்தவர், சட்டென்று வாய் திறக்கிற ஆளும் இல்லை.

விஷயம் தெருவுக்கே தெரிந்திருந்தது. காலையில் பேப்பர் வாங்கப் போனால் முன்பெல்லாம் கால் மணி நேரத்தில் திரும்பிவிடுவார். இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது. கடைக்கு இறங்கும்போது நேராகப் போகிற மனிதர், மேடு ஏறித் திரும்பும்போது மட்டும் வாசல் வாசலாக நிற்கிறாராம். எதிர்வீட்டு ஐவி ஜன்னல் வழியே பார்த்துத் தேதிவாரியாகச் சொல்லியிருந்தாள்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு வாசல், ஈஸ்டருக்கு இரண்டு, இப்போது நான்கு. நான்கிலும் தனியாக இருக்கும் பெண்கள். அறுபத்தெட்டு வயதில் நல்ல முன்னேற்றம்தான்.

அதிலும் நோரீன் வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் ரோஜாத் தோட்டம் பார்க்கிறாராம். டெஸ்ஸுக்கு ரோஜாவும் முட்டைக்கோசும் ஒன்று. போதாததற்கு, இந்த ஜூலைக் குளிரில் அந்தச் செடிகளில் முள்ளைத் தவிர ஒன்றுமில்லை.

நாற்பத்தோரு வருஷக் கல்யாணம். மெர்லுக்கு அழுகை வந்தது, அதை முந்திக்கொண்டு கோபம் வந்தது. பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வெளியேறினாள். அதைத் தூக்கித் தரட்டுமா என்று அவர் கேட்காதது இதுதான் முதல் தடவை.

ஸ்டேஷனுக்கு நோரீன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்ட மனசு வரவில்லை. வேலிக்கு வெளியே, நடைபாதை ஓரமாக, மெத்தை வைத்த நாற்காலி ஒன்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் மெர்லுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கதவைத் தட்டினாள். நோரீன் மாவுக் கையோடு வந்து நின்றாள். அவளும் சுரங்கக்காரரைக் கட்டியவள்தான், அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

நாற்காலி யாருக்கு என்று மெர்ல் கேட்டாள். டெஸ்ஸுக்குத்தான், போன வாரம் போட்டேன் என்று நோரீன் ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். கையிலிருந்த மாவைக்கூடத் தட்டவில்லை.

“தினமும் பத்து நிமிஷம் என் புருஷன்கிட்ட அப்படி என்னதான் பேசறே?”

நோரீன் பெட்டியைப் பார்த்தாள். பிறகு மெர்லின் முகத்தைப் பார்த்தாள்.

“எங்க பேசறது, மெர்ல்? அவருக்கு மூச்சு திரும்பறதுக்கே பத்து நிமிஷம் ஆகுது.”